ஜாக்கி இல்லாத ஒன்பது

பஸ்ஸில் ஏறினால் "பள்ளுருத்தி" என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, சரியான சில்லறையை மட்டும் நீட்டுகிற ஆள் நான். கண்டக்டர் தானாகப் புரிந்துகொள்வார். சுக்குக் கிடங்கில் என்னோடு உட்கார்ந்து தரம் பிரிக்கும் பெண்கள், "இவ நாக்கை வீட்டுலயே பூட்டி வெச்சிட்டு வர்றா" என்று சிரிப்பார்கள். அப்படிப்பட்ட நான் ஒரு மழைநாள் மத்தியானம் மூன்று ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்து "இருபது" என்று சொன்னேன். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

என் கணவர் கார்ப்பரேஷனில் தெருவிளக்கு வேலை பார்த்தவர். ஏணியும் வயருமாக மட்டாஞ்சேரி முழுக்கச் சுற்றுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கும் போக மாட்டார். எங்கள் வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் தகரம் வேய்ந்த கொஞ்சம் இடம் உண்டு. அங்கே ஒரு பழைய மேசை, நான்கு ஸ்டூல். மத்தியானச் சாப்பாடு முடிந்தால் இருபத்தெட்டு தொடங்கிவிடும். இருபத்தெட்டு என்பது சீட்டாட்டம். பணம் வைத்து ஆடுவதில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர். எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு கட்சி. மற்ற சீட்டாட்டம் போல இதில் ராஜாவுக்கும் ராணிக்கும் மதிப்பில்லை. ஜாக்கிதான் பெரியவன், அவனுக்கு மூன்று புள்ளி. அடுத்தது ஒன்பது, அதற்கு இரண்டு. பிறகு ஆசு, பிறகு பத்து, இரண்டுக்கும் ஒவ்வொன்று. எல்லாம் கூட்டினால் இருபத்தெட்டு. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு வரும். அதை மட்டும் பார்த்துக்கொண்டு, எங்கள் கட்சி இத்தனை புள்ளி எடுக்கும் என்று கேட்க வேண்டும். அதிகம் கேட்டவர் இஸ்பேட், கிளாவர், டைமன், ஆட்டின் என்ற நான்கு ஜாதியில் தனக்கு வேண்டிய ஜாதிச் சீட்டு ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். அந்த ஜாதிதான் துருப்பு, மற்ற ஜாதி எதையும் வெட்டும். என்ன ஜாதி என்று கூட்டாளிக்கும் தெரியாது. அதன் பிறகுதான் மிச்ச நான்கு சீட்டு. கையில் பாதியை மட்டும் பார்த்துவிட்டு வாக்குக் கொடுக்கிற விளையாட்டு.

நான் இதை ஆடியதில்லை. சமையல்கட்டு ஜன்னல் அந்த மேசைக்கு நேர் பின்னால் இருக்கிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மீன் கழுவிக்கொண்டும் சாயா ஆற்றிக்கொண்டும் அந்த ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்தே ஆட்டம் எனக்குப் பழகிவிட்டது. அவர் கையில் இருக்கும் சீட்டு எனக்குத் தெரியும். எதைப் போடுவார் என்று மனசுக்குள் நானும் ஒன்று போட்டுப் பார்ப்பேன். பெரும்பாலும் அவர் வேறு எதையாவது போடுவார், அதுதான் சரியாகவும் இருக்கும்.

அவருக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோனது போன மழைக்காலத்துக்கு முன்னால். எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்தபோது கோல் ஊன்றி நடந்தார். பேச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்துக் கொடுப்பதுபோல மெதுவாக வந்தது. வலது கை மட்டும் திரும்பவில்லை. சீட்டை விசிறிபோலப் பிடிக்க முடியாது. நான் துணி துவைக்கும் பிரஷ் ஒன்று புதிதாக வாங்கி, நார் மேலே இருக்கும்படி கவிழ்த்து வைத்தேன். நாருக்கு நடுவில் சீட்டைச் செருகினால் நிற்கும். இடது கையால் உருவிப் போடலாம். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். ஆஸ்பத்திரியை விட்டு வந்தபின் முதல் சிரிப்பு அது.

நண்பர்கள் வந்தார்கள். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறவர். என்னை விடச் சின்னவர், என்னைச் சேச்சி என்றும் அவரை அண்ணா என்றும் கூப்பிடுவார். தெரு முழுக்கக் கேட்கிற குரல். இன்னொருவர் பப்படம் போடும் கொங்கணிக்காரர், எங்கள் எல்லோரையும் விட வயதானவர், எப்போது பார்த்தாலும் சட்டையில் உளுந்து மாவு. மூன்றாவது ஆள் என் கணவரின் பழைய கூட்டாளி. மறுபடி ஆட்டம் தொடங்கியது. என் கணவர் ஜெயித்தார். அடுத்த ஞாயிறும் ஜெயித்தார். அதற்கடுத்ததும்.

நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆட்டத்தில் துருப்பைக் கவிழ்த்து வைத்தது என் கணவர். டைமன் இறங்கியது. ஆட்டோக்காரர் கையில் டைமன் இல்லை. இல்லையென்றால், துருப்பைத் திறக்கச் சொல்லி வெட்டலாம். அவர் திறக்கச் சொல்லவில்லை. ஒன்றுக்கும் உதவாத ஒரு ஏழாம் சீட்டைப் போட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தார். கடைசியில் அவர் கையில் இருந்து துருப்பு ஜாக்கி விழுந்தது. ஜாக்கியை வைத்துக்கொண்டு வெட்டாமல் விட்டிருக்கிறார்.

என் கணவர் எடுத்த சீட்டையெல்லாம் இடது கையால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"ஏண்டா திறக்கச் சொல்லலை?"

"மறந்துபோச்சு அண்ணா."

அந்த ஆள் மறக்கிறவர் இல்லை. போன ஓணத்துக்கு யார் எந்தச் சீட்டில் தோற்றார்கள் என்று இப்போதும் சொல்வார். பப்படக்காரர் குனிந்து மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார். என் கணவர் சீட்டை அடுக்கி டப்பாவில் போட்டு, "தோள் வலிக்குது" என்று எழுந்துவிட்டார்.

அவருக்கு முகம் கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தபோது, என்ன சொல்வதென்று தெரியாமல், "ஜெயிச்சீங்களே" என்றேன்.

"ஜெயிக்க விட்டாங்க" என்றார்.

அதன் பிறகு ஞாயிறு வந்தால் தூங்குகிறேன் என்பார். பழைய கூட்டாளி மகள் வீட்டோடு இருக்க ஆலுவாவுக்குப் போய்விட்டார், அதுவும் ஒரு சாக்காகிவிட்டது. மற்றவர்கள் வந்து கூப்பிட்டால், ஆள் இல்லையே என்பார். டிவி ஓடிக்கொண்டிருக்கும், அவர் அதற்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கோலை எடுத்துக்கொண்டு மதில்வரை நடப்பதையும் நிறுத்தினார். கிடங்கில் சுக்கைக் கையில் எடுத்தால் எனக்கு அவர் விரல்தான் ஞாபகம் வரும். யாரிடம் சொல்வது? என்ன சொல்வது? நீங்கள் அவருக்குப் பாவம் பார்க்காதீர்கள் என்று போய்ச் சொன்னால், அதுவும் ஒரு பாவம் பார்ப்பதுதானே.

பிறகு அந்த மழைநாள். காலையிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், ஆட்டோ போகாது. பப்படம் காயாது. வேலையில்லாத இரண்டு பேரும் ஒரே குடையில், முக்கால்வாசி நனைந்து வந்து நின்றார்கள்.

"அண்ணா, ஒரு கை போடலாமா?"

"ஆள் இல்லையே" என்றார் இவர், கட்டிலில் இருந்தபடியே.

"நான் உட்கார்றேன்" என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கையில் சாயாப் பாத்திரம் இருந்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பாத்திரம் பேசிவிட்டது போல மூன்று பேரும் அதையும் பார்த்தார்கள்.

"சேச்சிக்கு ஆடத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் என் கணவர். அவருக்கு அது தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "ஜன்னல்ல நின்னு எத்தனை வருஷமா முணுமுணுத்துக்கிட்டு இருக்கா." கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ரெண்டே கை. அதுக்கு மேல இல்லை."

தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. நான் பிரஷ்ஷைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். அவருக்கு எதிரில், பழைய கூட்டாளியின் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று சீட்டைப் பார்த்தவள், இப்போது அவர் முகத்தைத்தான் பார்க்க முடிந்தது, சீட்டின் முதுகைத்தான் பார்க்க முடிந்தது.

எங்கள் மேசையில் கணக்குக்குப் புளியங்கொட்டை, கட்சிக்கு மூன்று. கேட்டதை எடுக்காவிட்டால் ஒன்று போகும், இருபதும் அதற்கு மேலும் கேட்டுத் தோற்றால் இரண்டு போகும். கொட்டை தீர்ந்த கட்சிக்குக் குணுக்கு. அதாவது, மரத்தடியில் விழுந்து கிடக்கும் தென்னங்குரும்பையை நூலில் கட்டிக் காதில் தொங்கவிடுவார்கள். அடுத்த ஆட்டம் ஜெயிக்கிறவரை கழற்றக் கூடாது. பெரிய பெரிய ஆட்கள் இரண்டு காதிலும் குரும்பை தொங்க உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். என் கணவருக்குக் குணுக்கு போட்டு யாரும் பார்த்ததில்லை என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். அபூர்வம், அவ்வளவுதான்.

முதல் இரண்டு கையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மறுபடியும் அதே கதை. சீட்டே வரவில்லை என்பதால் ஒரு கை நாங்கள் தோற்றோம், அதற்கே ஆட்டோக்காரர் முகம் வாடிவிட்டது. அடுத்ததில் என் கணவர் பதினைந்து கேட்க, ஆட்டோக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, உதட்டைக் கடித்துவிட்டு, "போகட்டும்" என்று மேலே கேட்காமல் விட்டார். உதட்டைக் கடித்தால் அவர் கையில் ஜாக்கியும் ஒன்பதும் சேர்ந்து இருக்கிறது என்று அர்த்தம். ஜன்னலில் நின்றே நான் கற்றுக்கொண்டது அது. என் கணவருக்கும் அது தெரியும். அவர் முகத்தில் அந்தச் சுவரைப் பார்க்கிற பார்வை வந்துவிட்டது. ரெண்டே கை என்றவர் மூன்றாவதுக்கும் எழுந்திருக்கவில்லை, மழை விடவில்லை என்பதால். இனி ஒரு கை இப்படிப் போனால் அவர் டப்பாவை மூடிவிடுவார், பிறகு இந்த மேசைக்கு வரவே மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் பக்கம் இரண்டு கொட்டை மிச்சமிருந்தது.

பப்படக்காரர் போட்டார். என் கையில் நான்கு சீட்டு. ஆட்டின் ஜாக்கி, டைமன் ஜாக்கி, இஸ்பேட் ஒன்பது, இஸ்பேட் பத்து.

பார்க்கப் பார்க்க நல்ல கை. இரண்டு சிவப்பு ஜாக்கி, ஆளுக்கு மூன்று புள்ளி. ஆனால் அவை இரண்டும் ஒற்றைக்கால் ஆட்கள். பின்னால் துணைக்கு ஒரு சீட்டும் இல்லை, யாராவது வெட்டினால் போச்சு. துருப்பு வைப்பதென்றால் இஸ்பேட்தான். அதில் என் கையில் ஒன்பது இருக்கிறது, ஒன்பதுக்கு மேலே உலகத்தில் ஒரே ஒரு சீட்டுதான், இஸ்பேட் ஜாக்கி. அது எங்கே இருக்கிறது? யார் கைக்காவது வந்துவிட்டதா, இனிமேல்தான் வரப் போகிறதா? ஜாக்கி இல்லாத ஒன்பது நகை போட்டுக்கொண்டு தனியாக நடக்கிற மாதிரி.

"பதினாறு" என்றார் என் கணவர்.

"போகட்டும்" என்றார் ஆட்டோக்காரர். உதட்டைக் கடித்தாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என் முறை. நான் பேசாமல் விட்டுவிட்டால் பப்படக்காரரும் விட்டுவிடுவார். என் கணவர் பதினாறை ஆடுவார். என்னிடம் இரண்டு ஜாக்கி இருக்கும்போது பதினாறு வந்துவிடும். வராவிட்டாலும் இந்த இரண்டு பேரும் கொடுத்துவிடுவார்கள். ஜெயித்துவிட்டு அவர் எழுந்து போவார். மறுபடி டிவி, மறுபடி சுவர்.

கேட்டது நானாக இருந்தால்? எனக்குப் பாவம் பார்க்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. முதல்முறையாகச் சீட்டைத் தொட்ட ஒரு பெண்பிள்ளை பெரிய எண் ஒன்றைச் சொல்லிவிட்டு ஜெயித்துப் போனால், ஆட்டோ ஸ்டாண்டில் அந்த மனிதர் தலைகாட்ட முடியுமா? கண்டிப்பாக அடிப்பார்கள். அடித்தால்தான் அவரும் ஆட வேண்டிவரும். ஆனால் எங்கள் மேசை வழக்கப்படி, கூட்டாளி கேட்டதற்கு மேல் கேட்பதென்றால் இருபதுக்குக் குறையக் கூடாது. தோற்றால் இரண்டு கொட்டையும் போகும். அவர் காதில் குரும்பை தொங்கும். நோயாளி மனிதர். அதை எப்படி எடுத்துக்கொள்வார்?

எவ்வளவு நேரம் யோசித்தேனோ. "மோளே, சாயா ஆறிப்போச்சு" என்றார் பப்படக்காரர்.

"இருபது" என்றேன்.

மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை சொன்னது மதிலுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும்.

"எந்தா?" ஆட்டோக்காரர் சீட்டை இறக்கிவிட்டார். "சேச்சிக்குக் காய்ச்சலா?"

"எடோ, பெண்டாட்டி உன் தலைக்கு மேல ஏறி உட்கார்ந்துட்டாளே" என்று பப்படக்காரர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார்.

என் கணவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "யோசிச்சுத்தான் சொல்றியா?"

"ம்."

"அப்ப வை."

இஸ்பேட் பத்தைக் கவிழ்த்து வைத்தேன். மிச்ச நான்கு சீட்டு வந்தது. ஒவ்வொன்றாகத் திருப்பினேன். இஸ்பேட் எட்டு. கிளாவர் பத்து. பிறகு இரண்டு சின்னச் சீட்டு. ஜாக்கி வரவில்லை.

முதல் இறக்கம் என் கணவருடையது. பிரஷ்ஷில் இருந்து கிளாவர் ஜாக்கியை உருவிப் போட்டார். நான் என் கிளாவர் பத்தை அதில் சேர்த்தேன். முதல் பிடி, நான்கு புள்ளி, எங்களுக்கு. ஆட்டோக்காரர் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் முழங்கை மேசைமேல் வந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்குப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்து என் கணவர் கிளாவர் ஆசைப் போட்டார்.

கிளாவர் ஒன்பது இன்னும் வெளியே வரவில்லை. ஒன்பது ஆசைத் தின்றுவிடும். இது சின்னப் பிள்ளைக்குத் தெரியும். பழைய ஆள் இதைச் செய்யவே மாட்டார். கணக்கு பிசகிவிட்டது என்று நினைத்தேன். டாக்டர் சொன்னதுதான், சில விஷயங்கள் மெல்லத்தான் திரும்பும் என்று. நினைத்தபடியே ஆட்டோக்காரர் ஒன்பதைப் போட்டார், மேசையில் அடித்துப் போட்டார்.

"எடுத்துப் பாரு சேச்சி!"

என் கையில் கிளாவர் இல்லை. துருப்பைத் திறந்து வெட்டலாம். திறந்தேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், இஸ்பேட். இப்போது எதைப் போட்டு வெட்டுவது? எனக்குப் பிறகு பப்படக்காரர் ஒருவர்தான். அவர் கையிலும் கிளாவர் தீர்ந்துபோயிருந்தால் அவரும் வெட்டலாம். ஒன்பதைப் போட்டால் ஜாக்கியைத் தவிர வேறெதாலும் அதை மிஞ்ச முடியாது. ஆனால் ஜாக்கி அவரிடம் இருந்தால்? மேசையில் கிடப்பதோடு என் ஒன்பதும் சேர்ந்து போய்விடும், மொத்தக் கையும் அங்கேயே முடிந்துவிடும். எட்டைப் போட்டால் போவது கொஞ்சம்தான். ஒன்பதைக் காப்பாற்றி வைத்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இவர் இப்படித் தப்புத் தப்பாகப் போடும்போது நான்தான் பார்த்து ஆட வேண்டும்.

எட்டைப் போட்டேன்.

பப்படக்காரர் கையில் கிளாவர் இல்லை. தயங்கவே இல்லை அவர். இஸ்பேட் ஆசை எடுத்து என் எட்டின்மேல் வைத்து, "மன்னிக்கணும் மோளே" என்று நான்கு புள்ளியையும் வாரிக்கொண்டார்.

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். என் இரண்டு ஜாக்கியும் பிழைத்தன. டைமன் ஜாக்கிக்கு என் கணவர் தன் டைமன் ஒன்பதையே கொடுத்தார். பன்னிரண்டு ஆயிற்று. இனி துருப்பை இறக்கித்தான் ஆக வேண்டும். பயந்து பயந்து இஸ்பேட் பத்தைப் போட்டேன். பப்படக்காரர் ராஜாவைப் போட்டார். அதன்மேல், பிரஷ்ஷில் இருந்து மெதுவாக உருவி, என் கணவர் இஸ்பேட் ஜாக்கியை வைத்தார்.

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன்.

அடுத்த பிடியை என் ஒன்பது எடுத்தது, அதில் மூன்று புள்ளி. கடைசி இரண்டு பிடியும் அவர்கள் கொண்டுபோனார்கள். ஆட்டோக்காரர் எண்ணினார். பப்படக்காரர் மறுபடி எண்ணினார். எங்களுக்குப் பத்தொன்பது.

ஒரு புள்ளி.

ஆட்டோக்காரருக்கு ஜெயித்த சந்தோஷம் முகத்தில் வந்து, உடனே ஞாபகம் வந்து, பாதியில் நின்றுவிட்டது. "சாரமில்லை, விடுங்க அண்ணா, ஒரு புள்ளிதானே, இதைக் கணக்குல..." என்று தொடங்கினார்.

"நீ சும்மா இரு" என்றார் என் கணவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "உன்னைத்தான் கேட்கிறேன். ரெண்டாவது பிடியில ஒன்பதை ஏன் போடலை?"

"ஜாக்கி வெளியில இருந்துதே."

"யார்கிட்ட இருந்துது?"

நான் சிதறிக் கிடந்த சீட்டை அடுக்கினேன்.

"மேசையில உன்னைத் தவிர எத்தனை பேரு? மூணு பேரு. நீ ரெண்டு பேரை மட்டும் எண்ணியிருக்க. எங்கிட்ட இருக்கலாமுன்னு உனக்குத் தோணவே இல்லை, இல்லையா?"

வார்த்தைகள் தேடி எடுத்ததுபோல வரவில்லை. ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வந்தன, சில இடத்தில் நாக்கு இடறியது, இடறியதைக் கவனிக்காமல் மேலே போனார்.

"ஆசை எதுக்குப் போட்டேன்? பைத்தியமா எனக்கு? இருபது கேட்டவ கையில கிளாவர் எத்தனை இருக்கும்? நாலு கிளாவர் நான் ஏற்கெனவே பார்த்தாச்சு, பத்தை வேற நீ தூக்கிக் கொடுத்தாச்சு. வெட்டுடீன்னு போட்டேன். பெரிசா வெட்டிட்டுப் போடீன்னு போட்டேன். நீ எட்டை வெச்சுத் தடவிக் கொடுக்கிற!"

"நீங்க வீணாப் போட்டீங்கன்னு நெனச்சேன்."

"நான் வீணாப் போடுறவனா?"

சத்தமாகத்தான் கேட்டார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. வெளியார் முன்னால் இப்படித் திட்டு வாங்கினால் மற்ற நாளாக இருந்தால் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருப்பேன். அன்றைக்கு அப்படிச் செய்யத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததிலிருந்து அவர் என்னைத் திட்டியதே இல்லை. தண்ணீர் கொடுத்தால் நன்றி சொல்வதுபோல ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்காது. அதற்குப் பதில் இது வந்திருக்கிறது என்று உட்கார்ந்திருந்தேன்.

உட்கார்ந்திருந்தவள், எனக்கே ஆச்சரியமாக, எதிர்த்தும் பேசினேன். "ஜாக்கி உங்ககிட்ட ரெண்டாவது நாலுலதானே வந்திருக்கும்? அதை நான் எப்படிக் கண்டேன்? நான் கேட்காம இருந்தா நீங்க பதினாறை வெச்சுக்கிட்டு என்ன கிழிச்சிருப்பீங்க?"

"பதினாறு வந்திருக்கும்!"

"வந்திருக்கும். இவங்க கொடுத்திருப்பாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. ஆட்டோக்காரர் வெளியே மழையைப் பார்த்தார். பப்படக்காரர் ஆறிப்போன சாயாவை ஒரே மூச்சில் குடித்தார். என் கணவர் அவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பப்படக்காரர் பக்கத்தில் கிடந்த சீட்டில் இருந்து அந்த இஸ்பேட் ஆசைத் தேடி எடுத்து, விரலால் தட்டினார்.

"இது கொடுத்தது இல்லை" என்றார்.

"இல்லை" என்றார் பப்படக்காரர். "அது என் ஆசு."

"சரி. குணுக்கு எங்கே?"

ஆட்டோக்காரர் நம்பாமல் நின்றார். "அண்ணா..."

"ரெண்டு கொட்டையும் போச்சில்ல? எடுத்துட்டு வாடா. அவளுக்கும் சேர்த்து."

ஆட்டோக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மழையில் ஓடினார். மதிலோரத் தென்னைக்கு அடியில் குரும்பைக்கா பஞ்சம்? கை நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்தார். என் தையல் பெட்டியில் இருந்து நூல் கொடுத்தேன். எனக்குக் கட்டும்போது அவர் கை கூசியது, நானே வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் கணவருக்கு எந்தக் காதில் கட்டுவது என்று நின்றார். இவர் வலது காதைத் திருப்பிக் காட்டினார். ஈரக் குரும்பை தோளில் இடித்தது. அவ்வளவுதான், ஆட்டோக்காரருக்கு அடக்க முடியவில்லை. அந்தத் தெரு முழுக்கக் கேட்கிற குரலில் சிரித்தார். ஃபோனை எடுத்துப் படம் பிடிக்க வந்தார். "பிடிச்சா உன் ஆட்டோக் கண்ணாடியை உடைப்பேன்" என்றார் இவர். பப்படக்காரர் இருமி இருமிச் சிரித்தார். குரும்பை ஆட ஆட என் கணவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், எங்களுக்கும் தாங்கவில்லை.

கழற்ற வேண்டுமே, அதனால் மறுபடி போட்டார்கள். அந்த ஆட்டத்தில் இரக்கம் என்பதே இல்லை. மறுபடி தோற்றோம், என்னால் இல்லை, அவர் பதினெட்டு கேட்டு விழுந்தார். நான் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். "என்ன பார்க்கிற, ஆடிட்டுப் பேசு" என்றார். இடது காதிலும் ஒன்று ஏறியது.

மழை விட்டதும் அவர்கள் கிளம்பினார்கள். பப்படக்காரர் மனைவி தேடுவாள் என்றார். வெளியே தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. போகும்போது ஆட்டோக்காரர், "அதெல்லாம் கழற்றிடுங்க அண்ணா, தோள் வலிக்கும்" என்றார்.

"வழக்கம் அப்படி இல்லை" என்றார் என் கணவர். கோலை ஊன்றி அவர்களோடு மதில்வரை நடந்து போனார். நான் பின்னால் போகவில்லை, இங்கிருந்தே பார்த்தேன். மதிலைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து அவர் கூப்பிட்டது கேட்டது. "நாளைக்குச் சாயந்திரம் வண்டியை நிறுத்திட்டு நேரா இங்க வாடா. இதோட நான் எத்தனை நாள் இருக்கிறது?"

விளக்கு ஏற்றிவிட்டுச் சோறு போட்டேன். இரண்டு காதிலும் குரும்பையோடுதான் சாப்பிட்டார், இடது கையால், மெதுவாக. சாப்பிட்டு முடித்ததும் தட்டை நகர்த்திவிட்டுச் சீட்டு டப்பாவைக் கேட்டார். கிளாவர் ஆசு, அதன்மேல் கிளாவர் ஒன்பது, இரண்டையும் தேடி எடுத்து வைத்தார். இஸ்பேட் ஒன்பதையும் எட்டையும் என் முன்னால் தள்ளினார்.

"இப்பப் போடு" என்றார்.

"ஜாக்கி யார்கிட்ட?"

"அதை நான் சொல்ல மாட்டேன்."

எச்சில் தட்டுகளை எடுக்காமல், சீட்டு இரண்டையும் பார்த்துக்கொண்டு, நான் அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன்.